சின்ன வெங்காயம் கிடைக்காத ஊரில் எதைப் போடுவது? சாம்பார், வத்தக்குழம்பு, சட்னி, வடகம்

பனிக்காட்டு_அடுப்பு:

வணக்கம். இங்கே இந்தியக் கடை பக்கத்தில் இல்லை. நகரத்துக்குப் போய்வர ஒரு நாள் ஆகும், அங்கேயும் சின்ன வெங்காயம் சரக்கு வந்தால்தான் உண்டு. உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டில் எப்போதும் கிடைப்பவை: மஞ்சள் தோல் பெரிய வெங்காயம், சிவப்பு வெங்காயம், குமிழோடு வெங்காயத்தாள், லீக்ஸ், உரித்து உறையவைத்த பேர்ல் ஆனியன். நீளவாக்கில் இருக்கும் ஐரோப்பிய ஷாலட்டும் உண்டு, ஆனால் 250 கிராம் வலைப்பை மட்டும்தான். பெரிய வெங்காயத்தோடு பார்த்தால் விலை ஐந்தாறு மடங்கு.

வாரம் இரண்டு தரம் சாம்பார், ஒரு தரம் வத்தக்குழம்பு, இட்லிக்குச் சட்னி. கோடையில் கொஞ்சம் தாளிப்பு வடகமும் போட்டு வைக்க வேண்டும். இப்போது நடக்கிற கோளாறுகள்:

வத்தக்குழம்பு நீர்த்துப்போகிறது, இனிப்பும் தட்டுகிறது. சாம்பாரில் வெங்காயம் பிரிந்து நூல் நூலாக மிதக்கிறது. பச்சையாக அரைக்கும் காரச் சட்னி பத்து நிமிஷத்தில் கசக்கிறது.

எந்தப் பண்டத்துக்கு எது, எவ்வளவு எடை, என்ன பக்குவம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "பெரிய வெங்காயமே போடுங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்றால் அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.

மண்சட்டி:

எல்லாம் ஒன்று இல்லை. முதலில் தராசை எடுங்கள், எண்ணிக்கையும் கப்பும் இங்கே உதவாது. உரித்த சின்ன வெங்காயம் ஒன்று 5 முதல் 10 கிராம் இருக்கும். குறிப்பில் "15 சின்ன வெங்காயம்" என்று இருந்தால் 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

100 கிராம் சின்ன வெங்காயத்தில் தண்ணீர் சுமார் 80 கிராம், பெரிய வெங்காயத்தில் சுமார் 89. ஒன்பது கிராம்தானே என்று தோன்றும். தண்ணீர் போக மிஞ்சுவதைப் பாருங்கள்: சின்னதில் 20 கிராம், பெரியதில் 11. கிட்டத்தட்டப் பாதி. குழம்பைக் கெட்டியாக்குவதும் மணம் ஏற்றுவதும் அந்த மிச்சம்தான். சம எடை போட்டால் குழம்பு இளைத்துப்போகும். இரண்டு பங்கு போட்டால் வதக்குவதற்குப் பதில் வெங்காயத்தை அதன் தண்ணீரிலேயே அவித்துக்கொண்டிருப்பீர்கள். வதக்கிச் செய்யும் குழம்புகளுக்கு 100 கிராம் சின்ன வெங்காயத்துக்கு 140 முதல் 150 கிராம் பெரியது சரியாக வரும், வதக்கும் நேரத்தைக் கூட்டினால்.

இனிப்பு தட்டுவதற்குப் பெரிய வெங்காயத்தில் சர்க்கரை அதிகம் என்று நினைக்காதீர்கள். சின்ன வெங்காயத்தில்தான் அதிகம்: 100 கிராமில் கிட்டத்தட்ட 8 கிராம், பெரியதில் 4 சொச்சம். ஆனால் சின்னதில் அந்த இனிப்பை நெடி மறைத்துவிடும். மேல்நாட்டுக் கடைகளில் விற்கும் பெரிய வெங்காயம் பலவும் நெடி குறைந்த ரகம், அதனால் இருக்கிற கொஞ்ச இனிப்பும் துருத்திக்கொண்டு தெரிகிறது. வாங்கும்போது சிறியதாக, 60 முதல் 80 கிராமுக்குள், கல் மாதிரி இறுகி, கழுத்து ஒடுங்கிக் காய்ந்திருப்பதாகப் பொறுக்குங்கள். இனிப்பு வகை என்று ஒட்டி விற்பதைத் தொடவே வேண்டாம். நறுக்கும்போது கண் எரிந்தால் நல்ல சரக்கு. மஞ்சளை விடச் சிவப்பு நம் குழம்புக்குப் பொருந்தும்.

வத்தக்குழம்பு, நாலு பேருக்கு: சிவப்பு வெங்காயம் 150 கிராம், பூண்டு 8 பல், நல்லெண்ணெய் 60 மில்லி, புளி 25 கிராம், குழம்புத்தூள் 3 டீஸ்பூன். வெங்காயத்தில் 100 கிராமைப் பொடியாக அரியுங்கள், 50 கிராமை விரல்நுனி அளவு துண்டாக வையுங்கள். சின்ன வெங்காயம் பாதி கரைந்து குழம்போடு சேரும், பாதி பல்லில் கடிபடும். பெரிய வெங்காயத்தை ஒரே அளவில் நறுக்கினால் இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

அகலமான வாணலி வேண்டும். குறுகலான பாத்திரத்தில் ஆவி வெளியேறாது. தாளித்ததும் பொடியாக அரிந்ததைப் போட்டுக் கால் டீஸ்பூன் உப்பு தூவுங்கள், மூடாதீர்கள். முதல் மூன்று நிமிஷம் சளசளவென்று பெரிய குமிழியாகக் கொதிக்கும், அது தண்ணீர் கிளம்பும் சத்தம். ஏழெட்டு நிமிஷத்தில் அது அடங்கி, அப்பளம் பொரிவதுபோல் மெல்லிய சத்தமாக மாறும். ஓரத்தில் கலங்கியிருந்த எண்ணெய் தெளியும். கரண்டியால் தள்ளினால் வெங்காயம் உதிரியாக ஓடாமல் ஒரே திரளாக நகரும், சட்டியின் அடியில் கரண்டி போன தடம் ஒரு கணம் அப்படியே நிற்கும். அதுதான் பதம். அதற்குப் பிறகு பூண்டும் துண்டுகளும் சேர்த்து 4 நிமிஷம், தீயைக் குறைத்துத் தூள் போட்டு 30 விநாடி, பிறகு 500 மில்லி புளித்தண்ணீர். எண்ணெய் மேலே மிதக்கும்வரை 12 முதல் 15 நிமிஷம் கொதிக்கட்டும். வற்றலைத் தனியாக வறுத்துக் கடைசியில் சேருங்கள். வெல்லம் போடும் வழக்கம் இருந்தால் இந்த வெங்காயத்துக்கு வேண்டாம்.

சீக்கிரம் சிவக்கட்டும் என்று சோடா உப்பு தூவச் சொல்வார்கள். செய்யாதீர்கள். வெங்காயம் கூழாகிவிடும். சிவப்பு வெங்காயமாக இருந்தால் சோடாவின் காரத்தன்மையில் நிறம் மாறி நீலப்பச்சையாகி நிற்கும்.

பந்திக்கரண்டி:

சாம்பாருக்கு நான் சொல்கிறேன். நூல் நூலாகப் பிரிவதற்குக் காரணம் நறுக்கும் விதமும் குக்கரும். பருப்போடு குக்கரில் போட்டால் பெரிய வெங்காயம் தாங்காது.

இதழ்களை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது வேர்ப்பக்கத்து அடிக்கட்டை. உரிக்கும்போது வேர்முடியை மட்டும் மயிரிழையாகச் சீவிவிட்டுக் கட்டையை அப்படியே விடுங்கள். 70 கிராம் வெங்காயத்தைத் தலையிலிருந்து கட்டைவரை நேராக வெட்டி எட்டுக் கீற்றாக்குங்கள், ஒவ்வொரு கீற்றிலும் ஒரு துளி கட்டை ஒட்டியிருக்க வேண்டும். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ காயவைத்து, வெட்டுமுகம் சட்டியில் படும்படி அடுக்கி, 2 நிமிஷம் கிளறாமல் விடுங்கள். விளிம்பு பழுப்பாகி நடு இன்னும் வெள்ளையாக இருக்கும்போது திருப்பி இன்னொரு 2 நிமிஷம். பிறகு 200 மில்லி தண்ணீர், மூடி 5 நிமிஷம். கத்திமுனை கொஞ்சம் தடுத்துக்கொண்டு இறங்கும் பதத்தில், கண்ணாடி மாதிரி ஆவதற்குச் சற்று முன்னாலேயே, புளித்தண்ணீரை ஊற்றுங்கள்.

இந்த வரிசை முக்கியம். புளிப்பு ஏறிய தண்ணீரில் வெங்காயம் மேற்கொண்டு குழைவது மிகவும் மெதுவாகிவிடும். முதலிலேயே புளியில் போட்டால் நறுக்நறுக்கென்று வேகாமல் கிடக்கும், முழுக்க வெந்தபின் புளி ஊற்றினால் பருப்போடு கரைந்துபோகும். முக்கால் வேக்காட்டில் ஊற்றினால் அந்தப் புளியே கீற்றைப் பிடித்து நிறுத்திவிடும். 150 கிராம் துவரம்பருப்புக்கு இரண்டு வெங்காயம் போதும். சாம்பாரில் பருப்பு கெட்டி கொடுப்பதால் மண்சட்டி சொன்ன ஒன்றரை மடங்கு கணக்கு இங்கே தேவையில்லை, சம எடை போதும்.

உறையவைத்த பேர்ல் ஆனியன் பார்க்க நம் வெங்காயம் மாதிரியே இருக்கும். முழுசாகத் தெரிய வேண்டிய விருந்துச் சாம்பாருக்கு எடுக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் வெந்நீர் காட்டி உறையவைத்தது. நெடியை உண்டாக்கும் நொதி அந்தச் சூட்டிலேயே செத்துவிடும், அதனால் மணம் இருக்காது. ஒரு டேபிள்ஸ்பூன் பச்சைச் சிவப்பு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் தாளிப்பில் சேர்த்தால் அந்தக் குறை தீரும்.

கடையில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் சாம்பாருக்கு வெங்காயத்தாளின் குமிழ் என் தேர்வு. கோலிக்குண்டு அளவு குமிழாகப் பார்த்து, தாளை அரை அங்குலம் விட்டு வெட்டி, முழுசாகப் போடலாம். 3 நிமிஷத்தில் வெந்துவிடும், அதனால் புளி கொதித்தபிறகு சேருங்கள். மீதித் தாளைப் பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மிக்கல்:

சட்னி கசப்பது பற்றி.

முழு வெங்காயத்தில் நெடி கிடையாது. செல் உடையும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் சந்தித்து நெடி உண்டாகிறது. மிக்ஸி ஒரு நிமிஷத்தில் எல்லாச் செல்லையும் உடைத்துவிடும், அரைத்தது நிற்க நிற்கக் கடுமையும் கசப்பும் ஏறும். சின்ன வெங்காயத்திலும் இது நடக்கும். ஆனால் அதில் மிளகாய், புளி, உப்பு எல்லாம் கெட்டியாகச் சேர்ந்து நிற்பதால் கசப்பு தெரியாது. பெரிய வெங்காயத்தின் தண்ணீர் மற்றதையெல்லாம் நீர்க்க வைத்துவிட்டு, கசப்பை மட்டும் முன்னே தள்ளும்.

ஆகவே பச்சை வெங்காயக் காரச் சட்னிக்குப் பெரிய வெங்காயம் மாற்று ஆகாது. இந்த ஒரு இடத்தில் அந்த ஐரோப்பிய ஷாலட்டை வாங்கிவிடுங்கள். அதுவும் நம் சின்ன வெங்காயமும் கொத்தாகக் காய்க்கும் ஒரே கூட்டத்து வெங்காயம்தான், சம எடைக்குப் போடலாம். ஒரு வலைப்பை வாங்கினால் 60 கிராம் வீதம் நாலு சட்னி வரும், குழம்பில் போட்டு வீணாக்க வேண்டாம். 60 கிராம் ஷாலட், ஊறவைத்த காய்ந்த மிளகாய் 5, கோலி அளவு புளி, அரை டீஸ்பூன் கல் உப்பு. மிளகாய், புளி, உப்பை முதலில் மையாக அரைத்துவிட்டு வெங்காயத்தைக் கடைசியில் போட்டு விட்டு விட்டு மூன்று சுற்று, அவ்வளவுதான். தண்ணீர் கூடாது. உடனே மேலே இரண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய். அரை மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

வதக்கி அரைக்கும் சட்னிக்குச் சிவப்பு வெங்காயம் தாராளமாகப் போடலாம், ஏனென்றால் சூடு நொதியைக் கொன்றுவிடும். 200 கிராமை நீளமாக அரிந்து 8 நிமிஷம் வதக்கி, நன்றாக ஆறவைத்து அரையுங்கள். அரைவேக்காட்டில் இறக்கினால் நடு இதழ்களில் நொதி உயிரோடு இருக்கும், அதே கசப்பு வரும். மிளகாயை வழக்கத்தை விட ஒன்று கூட்டுங்கள்.

தேங்காய் அரைத்துவிடும் மீன் குழம்பு, தீயல் இவற்றில் நாலைந்து சின்ன வெங்காயம் சேர்த்து அரைப்போம் அல்லவா, அதற்கும் இதே விதிதான். 30 கிராம் சிவப்பு வெங்காயத்தை 2 நிமிஷமாவது எண்ணெயில் புரட்டிவிட்டுத் தேங்காயோடு சேருங்கள். இல்லையென்றால் குழம்பு இறக்கியபிறகும் பச்சை வாடை போகாது. தீயலுக்குத் தேங்காய் செம்பழுப்பாக வறுபடும்போது கடைசி 3 நிமிஷத்தில் வெங்காயத்தையும் அதிலேயே போட்டால் தனிச்சட்டி மிச்சம்.

பழையசோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஷாலட் இல்லாவிட்டால் வெங்காயத்தாளின் குமிழ். பெரிய வெங்காயம்தான் இருக்கிறது என்றால் வெளி இதழ் இரண்டை எடுத்துக் குழம்புக்கு வைத்துவிட்டு, உள்குருத்தை மட்டும் கடியுங்கள்.

யாழ்_உரல்:

சம்பல், சொதி பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, அதையும் சேர்த்துவிடுறன். அங்கை இருக்கிற எங்கட சனத்துக்கும் இதே கரைச்சல்தான்.

தேங்காய்ச் சம்பலுக்குச் சின்ன வெங்காயத்தை உரலிலை இடிக்கேக்க சாறு தேங்காய்ப்பூவிலை ஊறும், சம்பல் ஈரப்பதமாய் இருக்கும், நனைஞ்சு போகாது. பெரிய வெங்காயத்தை அப்பிடி இடிச்சால் தண்ணி விட்டு, தேங்காய்ப்பூ களி மாதிரி ஒட்டிப்போகும். அதனாலை சிவப்பு வெங்காயம் 40 கிராமை மிகச் சிறிசாய் வெட்டி, உப்புப் போட்டு 10 நிமிசம் வைச்சு, கையாலை பிழிஞ்சு எடுங்கோ. செத்தல் மிளகாயையும் உப்பையும் முதல் இடிச்சு, தேங்காய்ப்பூவைப் போட்டு இடிச்சு, வெங்காயத்தைக் கடைசியாய்ப் போட்டு நாலு இடி மட்டும் இடியுங்கோ. தேசிக்காய்ப்புளி சாப்பிடப் போகேக்கை விட்டால் போதும். வெங்காயத்திலை உப்பு ஏறியிருக்கும், சம்பலுக்குப் போடுற உப்பைக் குறையுங்கோ.

சொதிக்கு வெங்காயம் வதக்கிறதில்லை, இரண்டாம் பாலிலை அவிய விடுறது. அங்கை பெரிய வெங்காயத்தின்ரை இனிப்பு அப்பிடியே தெரியும், தேங்காய்ப்பாலும் இனிப்பு. நாலு பேருக்கு 50 கிராமுக்கு மேலை போடாதேங்கோ, பச்சை மிளகாயை இரண்டு கூட்டுங்கோ, வெந்தயம் கால் தேக்கரண்டி கட்டாயம். முதற்பால் விட்டுக் கொதி வரமுன்னம் இறக்கி, பிறகுதான் தேசிக்காய். அடுப்பிலை வைச்சு விட்டால் பால் திரைஞ்சுபோகும்.

லீக்ஸ் பருப்புக்கும் வறைக்கும் நல்லது. சொதிக்கோ புளி விட்ட கறிக்கோ போடாதேங்கோ, வழுவழுத்துப்போகும்.

பனிக்காட்டு_அடுப்பு:

எல்லோருக்கும் நன்றி. வத்தக்குழம்பு 150 கிராம் கணக்கில் கெட்டியாக வந்தது, "கரண்டித் தடம்" அடையாளம் பெரிய உதவி. கீற்றுச் சாம்பாரும் சரி.

இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, பேர்ல் ஆனியனை வதக்கினால் உள்குருத்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது, சட்டியெல்லாம் தண்ணீர். இரண்டு, வடகம். மூன்று, வெங்காயமும் பூண்டும் சாப்பிட்டால் வயிறு உப்பி வலிக்கும் ஒருவருக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு என்ன போடுவது?

பந்திக்கரண்டி:

உறைந்ததை அப்படியே எண்ணெயில் போட்டிருப்பீர்கள். வடிதட்டில் கொட்டிக் கொதிநீர் ஊற்றி, துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். வேர்ப்பக்கத்தில் கத்திமுனையால் சிலுவை மாதிரி சின்னதாக ஒரு கீறல். உள்ளே ஆவி சேர்ந்து குருத்தைத் தள்ளுவதால்தான் வெளியே வருகிறது, கீறல் இருந்தால் ஆவி அந்த வழியே போய்விடும். பிறகு எண்ணெய் இல்லாத சூடான சட்டியில் 2 நிமிஷம் உருட்டி ஈரத்தைப் போக்கிவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள். உப்பு கடைசியில். ஏற்கெனவே பாதி வெந்தது என்பதால் புளி கொதித்தபிறகு சேர்த்து 4 நிமிஷத்தில் இறக்கிவிடலாம்.

வெயில்காய்ச்சி:

வடகத்துக்கு வருகிறேன், இதில்தான் பெரிய வெங்காயம் அதிகமாகக் கெடுக்கும்.

வழக்கமான அளவு: சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 100 கிராம், உளுத்தம்பருப்பு 100, கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, மஞ்சள்தூள் 2 டீஸ்பூன், உப்பு 2 டேபிள்ஸ்பூன், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, உருட்டும்போது விளக்கெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். மேலே மண்சட்டி சொன்ன கணக்கையே இங்கே போடுங்கள். 1 கிலோ சின்ன வெங்காயத்தில் காய்ந்தபின் 200 கிராம் மிஞ்சும், பெரியதில் 110. ஆகவே 1 கிலோவுக்கு 1.8 கிலோ பெரியது வேண்டும், அதோடு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீரைப் போக்க வேண்டும். ஊர் வெயிலிலேயே இது சிரமம். உங்கள் கோடை வெயிலில் உருண்டையாகப் பிடித்தால் வெளியே காய்ந்து, நடுவே ஈரம் நின்று, நாலாம் நாள் பூசணம் பூக்கும்.

அதனால் தண்ணீரை முதலில் எடுத்துவிடுங்கள். சிவப்பு வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, மேலே சொன்ன இரண்டு டேபிள்ஸ்பூன் உப்பையும் அதிலேயே பிசிறி, ஒரு மணி நேரம் கழித்துத் துணியில் பிழியுங்கள். சாற்றைக் கொட்டாதீர்கள், மணமெல்லாம் அதில்தான் போயிருக்கும். அகலச் சட்டியில் சிறுதீயில் கால்பங்காகச் சுண்டவைத்துத் தனியே வையுங்கள். பிழிந்த வெங்காயத்தைத் தட்டில் பரப்பி ஓவனில் 60 முதல் 65 டிகிரியில், கதவை ஒரு மரக்கரண்டி செருகித் திறந்துவைத்து, 4 முதல் 5 மணி நேரம். தொட்டால் கையில் ஈரம் ஒட்டாமல், வளைத்தால் ஒடியாமல் தோல் மாதிரி வளைய வேண்டும். 80 டிகிரிக்கு மேல் போனால் ஓரம் கருகிக் கசப்பு வரும், அதைத் தாளித்தால் குழம்பு முழுக்கக் கசக்கும்.

இப்போது நசுக்கிய பூண்டு, அரைமணி ஊறவைத்து வடித்த உளுந்து, மற்றச் சாமான்கள், சுண்டிய சாறு எல்லாம் சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு மூடி வையுங்கள். மறுநாள் உருண்டைக்குப் பதில் 4 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வில்லையாகத் தட்டுங்கள். விளக்கெண்ணெய் தொட்டுத் தட்டினால் கையிலும் ஒட்டாது, பூச்சியும் அண்டாது. வெயில் இருந்தால் வெயில், இல்லாத நாளில் ஓவன் அதே 60 டிகிரி. தினமும் திருப்பிவிட வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குறிப்பிட்ட பத்து வில்லையைத் தினமும் நிறுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால்தான் காய்ந்தது. ஒன்றை ஒடித்துப் பாருங்கள், நடுவில் கரும்பச்சையாக ஈர மினுமினுப்பு தெரிந்தால் இன்னும் இரண்டு நாள். முதல் இரண்டு நாளில் வரும் புளித்த வாசம் இயல்பானது. வெள்ளையோ கறுப்போ நூல் பூத்தால் அந்த வில்லையையும் அதைத் தொட்டுக்கொண்டிருந்தவற்றையும் எறிந்துவிடுங்கள், சுரண்டிவிட்டுக் காயவைப்பது வேண்டாம்.

தாளிக்கும்போது சிறுதீ. ஓவனில் காய்ந்ததால் வழக்கத்தை விடச் சீக்கிரம் கறுக்கும்.

மண்சட்டி:

மூன்றாவது சந்தேகம்: வெங்காயம், பூண்டில் ஃபிரக்டான் என்ற ஒருவகைக் கார்போஹைட்ரேட் இருக்கிறது, அது செரிக்காமல் குடலில் புளிக்கும், சிலருக்கு அதனால் வயிறு உப்பும். அப்படிப்பட்டவருக்குச் சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரியது, பெரியதற்குப் பதில் லீக்ஸின் வெள்ளைப்பகுதி என்று மாற்றிப் பயனில்லை, எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வெங்காயத்தாளில் பச்சைப்பகுதியை மட்டும் போடலாம், குமிழ் கூடாது. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் தாளிக்கும் எண்ணெயில் பூண்டை முழுப்பல்லாகப் போட்டுச் சிவந்ததும் எடுத்துவிட்டால் மணம் மட்டும் இறங்கும். பூண்டை எடுத்தபிறகுதான் புளித்தண்ணீர். வரிசை மாறினால் பூண்டுச் சத்து குழம்பில் கரைந்துவிடும். பெருங்காயம் தாராளமாகப் போடுங்கள், ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையும் ஆகாதவர் என்றால் டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். அவருக்கு எது ஆகும் என்பதை மருத்துவரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது.

அம்மிக்கல்:

மண்சட்டியின் வத்தக்குழம்பில் பூண்டு சரி. ஆனால் "பெரிய வெங்காயத்தோடு பூண்டு சேர்த்தால் சின்ன வெங்காய ருசி வந்துவிடும்" என்று பல குறிப்புகளில் எழுதுகிறார்கள். ஐரோப்பியச் சமையலில் சாஸ் வகைக்கு அது பொருந்தலாம். நம் பருப்புச் சாம்பாரில் பூண்டு போட்டால் பூண்டுச் சாம்பார்தான் வரும், துவரம்பருப்பின் மணமும் கொத்தமல்லி மணமும் அமுங்கிவிடும். அங்கே மணம் குறைந்தால் பெருங்காயத்தைக் கூட்டுங்கள். பூண்டு புளிக்குழம்பு, அசைவக் குழம்பு, காரச் சட்னியோடு நிற்கட்டும்.

வெயில்காய்ச்சி:

ஓர் எச்சரிக்கை. தோட்டச் சாமான் கடைகளில் வசந்தகாலத்தில் நடுவதற்கென்று குட்டி வெங்காயம் வலைப்பையில் வரும். பார்த்தால் அசல் சின்ன வெங்காயம், விலையும் மலிவு. சமையலுக்கு எடுக்காதீர்கள். நடவு வெங்காயத்துக்குப் பூஞ்சைமருந்து போட்டிருக்க வாய்ப்பு உண்டு, அது தின்பதற்கென்று விற்பதும் இல்லை. வாங்கினால் தொட்டியில் நடுங்கள். அதிலும் ஷாலட் என்று எழுதியிருப்பதாகப் பார்த்தால்தான் ஒன்று நட்டுக் கொத்தாக எடுக்கலாம், சாதாரண நடவு வெங்காயம் ஒன்று பெருத்து ஒன்றாகத்தான் நிற்கும். தலை வெளியே தெரியும்படி நட்டு, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாள் மஞ்சளாகிச் சாய்ந்ததும் பிடுங்கி, நிழலில் இரண்டு வாரம் ஆறவிட்டு எடுங்கள்.

மண்சட்டி:

நகரத்துக்குப் போகும்போது சின்ன வெங்காயம் கண்ணில் பட்டால் மூன்று நாலு கிலோவாக வாங்கிவிடுங்கள். பெங்களூர் ரோஸ் வெங்காயம் என்று சிறியதாக, தட்டையாக, கருஞ்சிவப்பாக ஒன்று வரும். அது கொத்து வெங்காயம் இல்லை, ஆனால் நெடி நன்றாக இருக்கும், 2015இல் புவிசார் குறியீடு பெற்றது. சின்ன வெங்காயம் இல்லாத நாளில் அதை வாங்குங்கள். வெளிநாட்டுக் கடைகளில் பெரிய வெங்காயத்தை விட அது எவ்வளவோ மேல்.

வாங்கிவந்ததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், ஈரம் ஏறி முளைவிடும். வலைப்பையில் காற்றாடத் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை அழுகலைப் பொறுக்குங்கள். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போகும். உருளைக்கிழங்கு கூடையோடு சேர்த்து வைப்பதும் கூடாது.

பாதியை உரித்துவிடுங்கள். 20 நிமிஷம் தண்ணீரில் ஊறினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். துணியில் நன்றாக உலர்த்தித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் போடுங்கள். வெந்நீர் காட்ட வேண்டாம், மணம் போய்விடும். பச்சையாக உறையவைத்ததன் வாசம் ஃபிரிட்ஜ் முழுக்கப் பரவும் என்பதால் இரட்டைப் பை போடுங்கள். உறைந்து இளகிய வெங்காயம் சட்னிக்கோ பழையசோற்றுக்கோ ஆகாது, நறுக்கென்று இருக்காது. சாம்பார், குழம்புக்கு நேராகச் சட்டியில் போடலாம், மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மீதிப் பாதியில் ஒரு கிலோவை அரிந்து 150 மில்லி நல்லெண்ணெயில் கரண்டித் தடம் நிற்கும் பதம்வரை வதக்கி, ஆறியதும் 50 கிராம் கட்டிகளாக உறையவையுங்கள். நாலு பேர் வத்தக்குழம்புக்கு ஒரு கட்டி போட்டு, கடிபடுவதற்கு மட்டும் 60 கிராம் பெரிய வெங்காயத்தைத் துண்டாக நறுக்கிச் சேர்த்தால் போதும். கட்டியிலேயே எண்ணெய் இருப்பதால் தாளிக்க இரண்டு டேபிள்ஸ்பூன் மட்டும் ஊற்றுங்கள்.